வலைக்குத் தப்பிய மீன் பிழைக்குமா?

நெற்செய்கைக்கு நீர் தரும் குளங்களிலேயே நன்னீர் மீனும் பிடிக்கப்படுகின்றது. கமக்காரருள் வலை போடுவோரும் உளர். வலைக்கண் அகலமாயிருந்தாற் சிறு மீன்கள் தப்பிப் பெருகும் என்பது பொதுவான கருத்து. எட்டரைச் சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள்வலைகளைக் குளங்களில் 1996 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் தடைசெய்தமையும் இந்நோக்குடனேயாம். இது நன்றே. ஆயினும், வலைக்குத் தப்பிய மீன் யாவும் பிழைத்துவிடுவதில்லை.

மீனின் உடலைச் செதில்களும் வழுவழுப்பான சளிப்படலமும் மூடியுள்ளன. மீன் வலைக்கண்ணில் நெருக்குண்டு வெளியேறும்போது இவை உரிந்துவிடுகின்றன. நன்னீர் மீனின் உடலிலுள்ள உப்பு, குளத்து நீரிலுள்ளதிலும் அதிகம். ஆகவே தோல் காயமுற்றதும் உப்பு வெளியே கசிய, நீர் உள்ளே புகுகின்றது. காயத்திற் பங்கசு பற்றிப் பஞ்சுபோலப் படர்வதும் உண்டு. போராடிக் களைத்த மீன் நீர்க்காகத்திற்கும் விராலுக்கும் எளிதில் இரையாகும்.

பிடுங்கும்போது வேர் அறுந்த நாற்று, நட்ட அன்று பச்சையாகவே நிற்கும்; வாட்டம் பின்னரே தெரியும். தப்பிய மீனின் நிலையும் இத்தகையதே.

ஐரோப்பாவிலுள்ள போல்ற்றிக் கடலில் 1990 களில் இது சோதிக்கப்பட்டது. இழுவைவலைக்குத் தப்பிய மீன்களைக் கடலினுள்ளேயே கூடுகளில் வைத்து நாட்கணக்கில் அவதானித்தனர். கொட் என்னும் மீன்களுட் பெரும்பாலானவை பிழைத்தன. செதில் எளிதில் உதிரும் ஹெறிங் மீன்களோ இரு வாரங்களுள் பெரும்பாலும் இறந்தன. அவற்றுட் சிறியவையே கூடுதலாக மாண்டன. எனவே, கண்ணை அகலமாக்குவதனால் மட்டும் குஞ்சுகளைக் காத்துவிட முடியாது. மீன் எவ்வளவு காயத்துடன் தப்புகின்றது என்பதையும் கவனித்தல் வேண்டும்.

1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இனத்திற் பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலே காக்கும். வலையிற் சிக்கித் துடிக்கும்போது அவற்றை உமிழ்ந்துவிடக்கூடும். தாய் தப்பினும் குஞ்சுகள் அழியும்.

ஆதலின், குளத்தில் வலை போடுவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று:

1. வலையை நெடுநேரம் நீரில் விட்டுவைத்தலாகாது. செவுள்மூடி இறுகிய மீன் மூச்சுவிட இயலாது இறக்கும்.

2. சிறு மீனைக் கழற்றுமுன் கையை நனைத்துக்கொள்க. உலர்ந்த கை சளிப்படலத்தை உரித்துவிடும்.

3. இறுகச் சிக்கிய மீனை இழுத்துப் பறிக்காது, நூலை அறுத்து விடுவிக்க.

4. மீனைத் தூர எறியாது, நீரினுள் மெதுவாக விடுக.

5. கோடையிற் குளம் வற்றி நீர் சூடேறும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறையும். களைத்த மீன் அக்காலத்தில் தேறுதல் அரிது. ஆகவே அந்நாட்களில் வலை போடுவதைக் குறைத்துக்கொள்க.

நூல் ஒரு முழம் அறுந்தால் மீண்டும் முடிந்துகொள்ளலாம். காயமின்றி விடப்பட்ட குஞ்சோ வளர்ந்து, பின்னர் அதே வலைக்கு நிறைந்த மீனாக வரும்.