நிர்வாகி போனால் பங்கு பிழைக்குமா?
நலிந்த கம்பெனியொன்றில் பங்கு வாங்கியுள்ள செவிலிமேட்டு அங்கத்தினர் ஒருவர், அதன் நிர்வாகி விலகிவிட்டமையால் இனி நிலைமை சீர்படுமன்றோ என எம்மை வினவினார். கரூரில் 1926-இல் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கியை அவருக்கு நினைவூட்டினோம்.

வாராக்கடனால் தளர்ந்திருந்த அவ்வங்கியின் நிர்வாக இயக்குநர் உள்ளிட்ட எழுவரின் நியமனத்தைப் பங்குதாரர்கள் 2020 செப்டம்பர் 25-ஆம் நாள் வாக்களித்து நிராகரித்தனர். ஆட்கள் போயினர், மூலதனக் குறை போகவில்லை. நவம்பர் 17-இல், 25,000 ரூபாய்க்குமேல் எடுக்கலாகாதென மத்திய அரசு தடை விதித்தது. 27-இல் வங்கி, டி.பி.எஸ். இந்தியா வங்கியுடன் இணைக்கப்பட்டது. வைப்புத்தொகைகள் தப்பின, பங்குத்தொகையோ முழுவதும் தள்ளுபடியாயிற்று. (நம் சங்கப் பங்கும் முதலே, வைப்பன்று, இதனைப் பலர் மறக்கின்றனர்.)

கம்பெனியின் ஐந்தொகையில் கடன் எவ்வளவு என்று கேட்டோம். ஆண்டறிக்கையின் உறையை அவர் இன்னும் பிரிக்கவேயில்லையாம்.