டீசலுக்கும் குளிரும்!

மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்து, முதுகில் தட்டி, தென்னங்குச்சியை விட்டுக் குடைந்து, கடைசியில் அடுப்பு ஓரமாக வைத்துவிட்டு, "நேரமாச்சு!" என்று கத்தாத தமிழர் குறைவு. இதே சங்கடம் 400 லிட்டர் டேங்க்கோடு, பத்தாயிரம் அடி உயரத்தில், ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால்? பாட்டிலுக்குப் பதில் லாரி. எண்ணெய்க்குப் பதில் டீசல்.

"டீசல் உறையுமா?" என்று சிரிக்காதீர்கள். உறையும். டீசலுக்குள்ளேயே மெழுகு இருக்கிறது. பாரஃபின் மெழுகு... பவர்கட் ஆனால் ஏற்றுகிறோமே, அந்த மெழுகுவர்த்தியின் ஜாதிதான். நம் ஊர் வெயிலில் அது கரைந்து, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். குளிர்ந்தால் மெல்ல வெளியே வரும். முதலில் டீசல் கலங்கும். அப்புறம் பொடிப்பொடியாக மெழுகுத் துகள். அப்புறம் கூழ். கடைசியில் அசையாது.

அந்தக் கடைசிக் கட்டம் வரை வண்டி காத்திருக்காது என்பதுதான் விஷயம். டேங்க்கில் டீசல் இன்னும் தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஃபில்டரில் மெழுகு அப்பிக்கொள்ளும். தலைமுடியைவிட மெல்லிய தூசியைப் பிடிக்கிற ஃபில்டர் அது, மெழுகை விடுமா? எஞ்சினுக்குப் பட்டினி.

முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நாமக்கல்லில் ஒரு பட்டறை வாசலில், பாடி கட்டும் சத்தத்துக்கு நடுவே, டிரைவர் அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். காஷ்மீருக்கு ஆப்பிள் லோடு எடுக்கப் போய் வருகிறவர். ஒருமுறை மிஷின் லோடோடு கார்கில் வரை ஏறியிருக்கிறார். நவம்பர் மாதம்.

"ஏனுங் தம்பி, ஒறையறதுன்னா ஐஸ் மாதிரி கட்டியாயிருமுன்னு நெனைக்காதீங்க. காலையில வண்டி நல்லாத்தானுங்க ஸ்டார்ட் ஆச்சு. அதுதான் ஏமாத்து வேலை. லைன்ல இருக்கற கொஞ்சம் டீசல்ல ஓடும். ரெண்டு மைல் போனதும் இழுவை இல்லீங்க. ஏத்தத்துல அப்படியே நின்னு போச்சு."

"அப்புறம் என்னண்ணே பண்ணுனீங்க?"

"செல்ஃப் அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்தேன். பேட்டரியும் படுத்துக்கிச்சு. எஞ்சின் நின்னா கேபின்ல சூடு ஏதுங்க? கிளீனர் பையன் ஸ்டவ்வை உள்ளாற பத்த வெக்கப் போனான். ஒண்ணு வெச்சேன் முதுகுல! கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு உள்ள அடுப்பு வெச்சுப் படுத்தவங்க காலையில எந்திரிக்கலைன்னு பஞ்சாப்காரங்க சொல்லிக் கேட்டிருக்கறனுங்க."

அவர் கேட்டது நிஜம். மூடிய கேபினில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லை, நிறம் இல்லை. தூக்கம் வருகிறது என்றுதான் நினைத்துக்கொள்வோம். பனி மூடிய சைலன்ஸரோடு எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினாலும் இதே கதிதான். அந்தப் பையன் முதுகில் விழுந்த அடி இரண்டு உயிரைக் காப்பாற்றிய அடி.

அவர்களை மீட்டது காலை பத்து மணி வெயிலும், பின்னால் வந்த உள்ளூர் லாரிக்காரர் ஃபில்டர் மேல் துணியைச் சுற்றி ஊற்றிய சுடுதண்ணீரும். டீசல் கெட்டுப் போகவில்லை. சூடு பட்டதும் மெழுகு மறுபடி கரைந்துவிடும்.

"முன்னாடி டீசல் எங்கண்ணே போட்டீங்க?"

"கீழ சமவெளியிலயே ஃபுல் பண்ணிக்கன்னு முதலாளி சொன்னாருங்க. லிட்டருக்கு ரெண்டு ரூபா மிச்சம்னு..."

நான் பி.காம். கணக்கு கண்டால் கை சும்மா இருக்காது. 400 லிட்டருக்கு ரெண்டு ரூபாய் வீதம் 800 ரூபாய் லாபம். ஒரு நாள் லாரி மலையில் நின்றால் தவணை நிற்குமா, பேட்டா நிற்குமா? புது ஃபில்டர், பேட்டரி, மெக்கானிக் கூலி வேறு. முதலாளியின் பேரேட்டில் அந்த 800 மட்டும் வரவில் இருக்கும். குளிரில் விறைத்த ராத்திரிக்கு எந்தப் பக்கத்திலும் காலம் கிடையாது.

டீசலுக்கும் சொந்த ஊர் உண்டு, சார். விற்கிற இடத்துக் குளிருக்குத் தகுந்தபடிதான் அதைத் தயாரிக்கிறார்கள். ஐ.எஸ். 1460 என்ற நம் நாட்டுத் தரக் குறிப்பில் இதற்கு ஒரு பரீட்சையே வைத்திருக்கிறார்கள். டீசலைக் குளிர்வித்துக்கொண்டே, 45 மைக்ரான் கண் உள்ள வலை வழியாக 20 மில்லி உறிஞ்சிப் பார்ப்பார்கள். 60 விநாடிக்குள் வரவில்லையென்றால் அந்த வெப்பநிலையில் ஃபெயில். கோடை டீசல் 18 டிகிரி வரைக்கும் பாஸானால் போதும். குளிர்கால டீசல் 6 டிகிரி வரைக்கும். குளிர்காலம் என்று அவர்கள் சொல்வது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பல பங்க்குகளில் இதைவிடத் தாங்குகிற டீசல் கிடைக்கலாம். ஆனால் 6 டிகிரிக்குக் கீழே யாரும் உத்தரவாதம் தரவில்லை. கார்கில் பக்கம் ராத்திரி மைனஸ் இருபது சர்வசாதாரணம். சமவெளி டீசலை அங்கே கொண்டு போவது, வேட்டி துண்டோடு இமயமலை ஏறுவது மாதிரி.

இதற்காகவே இந்தியன் ஆயில் ஒரு டீசல் செய்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராகி, 2019 நவம்பரில் லடாக்குக்குப் புறப்பட்டது. மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை போகாது. லடாக் தனி யூனியன் பிரதேசமாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. உள்துறை அமைச்சர் அமித் ஷா வீடியோ வழியாகத் தொடங்கி வைத்தார். அதுவரை அந்தப் பக்கத்து டிரைவர்கள் என்ன செய்தார்கள்? டேங்க்குக்கு அடியில் தீ மூட்டினார்கள்! மலைப்பாதையில் இது ரொம்ப காலத்து வழக்கம். நம்ம அண்ணனும் பார்த்திருக்கிறார். "பாத்தாலே வயித்தைக் கலக்குமுங்க" என்றார்.

மண்ணெண்ணெய் கலந்தால்? கலந்தால் உறைவது தள்ளிப்போகும், வாஸ்தவம். பழைய எஞ்சின்கள் அதை ஜீரணித்தன. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டியில் இன்ஜெக்டரும் பம்ப்பும் டீசலின் வழவழப்பை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு, கந்தகம் அதிகம். ஒரு டின் மண்ணெண்ணெயில் ஒரு லட்ச ரூபாய் வேலை வந்து சேரும். பெட்ரோல் கலக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், சொன்னவரை விட்டுத் தள்ளி நிற்கவும். அது நெருப்போடு விளையாட்டு.

உருப்படியான வழி எல்லாமே குளிருக்கு முன்னால் செய்கிற வழிதான். மலை ஏறும் முன் டேங்க்கைக் குறைத்துக்கொண்டு போய், மேலே கிடைக்கிற குளிர்கால டீசலை நிரப்புவது முதல் வேலை. மெழுகு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் பொடியாகவே வைத்திருக்கிற மருந்து பாட்டிலில் விற்கிறது. அதை டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்றவேண்டும். கூழான பிறகு ஊற்றினால் செத்தவன் வாயில் கஷாயம். ராத்திரி டேங்க்கை நிறைத்து வைத்தால் உள்ளே காற்றும் ஈரமும் குறையும். இது முக்கியம்: பல நேரம் ஃபில்டரை அடைப்பது மெழுகு அல்ல, டீசலோடு வந்த தண்ணீர். அது பூஜ்யம் டிகிரியிலேயே ஐஸ் ஆகிவிடும். ஃபில்டர் அடியில் இருக்கிற திருகைத் திறந்து தினம் தண்ணீரை வடித்துவிட்டால் பாதிக் கவலை போச்சு. கையில் ஒரு புது ஃபில்டர் இருக்கட்டும்.

ஓடுகிற வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. எஞ்சினுக்குப் போய் மிஞ்சிய டீசல் சூடாகி டேங்க்குக்கே திரும்பி வருகிறது. நிறுத்தி வைத்தால்தான் ஆபத்து. அதனால்தான் சில பேர் விடிய விடிய எஞ்சினை அணைப்பதில்லை. மணிக்கு ரெண்டு மூணு லிட்டர் குடித்துவிடும். முதலாளி கேட்டால் நெஞ்சு வலி வரும். ஆனால் நடுமலையில் வேறு வழி இல்லாதபோது அதையும் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சைலன்ஸர் வாயில் பனி சேராமல் பார்த்துக்கொண்டு, ஒரு ஜன்னலை விரல் அகலம் திறந்து வைத்தால் சரி.

கிளம்பும்போது அண்ணன் தன் புது வண்டியைக் காட்டினார். டீசல் டேங்க் பக்கத்தில் நீல மூடி போட்ட குட்டி டேங்க். உள்ளே யூரியா கரைசல், புகையைச் சுத்தப்படுத்த.

"இது ஒறையுங்களா தம்பி?"

"மைனஸ் 11-ல உறையும்ணே. ஆனா பயப்படாதீங்க. அதுக்குள்ளேயே ஹீட்டர் இருக்கு, வண்டி ஓட ஓட தானா இளகிரும். வேற எதையும் கலக்க மட்டும் கலக்காதீங்க. கழுத்து வரைக்கும் ரொப்பவும் வேண்டாம். உறைஞ்சா அது உப்பும், டேங்க் வெடிச்சிரும்."

கிளீனரைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து அளவு பார்க்கச் சொன்னார். கழுத்து வரைக்கும் இருந்தது.