கால் ரத்தக்குழாய் அடைப்பு: காலை எடுப்பதற்கு முன்



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றியவை உண்டு. அவற்றில் பல, "காலை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்" என்ற நிலையில்தான் நம் கைக்கு வருகின்றன. அதற்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா?

சர்க்கரை, ரத்த அழுத்தம், பீடி, சிகரெட் ஆகியவற்றால் கால் தமனியின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகும். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். கல்வராயன் மலை ஏற்றத்தில் நடப்பவர்கள் இதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடக்கூடும். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவருக்கோ அந்த வலிகூடத் தெரியாது. ஆறாத புண்தான் முதல் அடையாளம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடுவதும், டாப்ளர் ஸ்கேனும் ஆரம்பச் சோதனைகள்.

அடைப்பு இருந்தால், பெரும்பாலும் தொடை இடுக்கில் சிறு துளையிட்டு, கம்பி வழியே பலூன் செலுத்தி விரிப்பார்கள். 1964-ல் அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் டாட்டர் இவ்வகைச் சிகிச்சையை முதன்முதலில் செய்தது இதயத்தில் அல்ல, காலில்தான். காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டி ஒருவருக்கு, குழாயைப் பலூன் இன்றிப் படிப்படியாக விரித்தார். கால் பிழைத்தது.

வழக்கமாக, சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். அதில் தெரிவது ரத்தம் ஓடும் பாதையின் நிழல் மட்டுமே. வாய்க்காலில் தண்ணீர் தெரியும், கரையின் தடிப்பு தெரியாது என்பதைப் போல. இப்போது மெல்லிய குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துக் குழாயின் உள்ளேயே அனுப்புகிறார்கள். இதற்கு ஐவஸ் என்று பெயர். சுவரின் உண்மையான அகலமும் சுண்ணாம்புப் படிவும் தெரிவதால் சரியான அளவு பலூனைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்டென்ட் நன்றாகப் படிந்ததா என்றும் பார்க்கலாம். கொரியாவில் மருந்து பூசிய பலூன் சிகிச்சை பெற்ற 237 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பின் குழாய் திறந்தே இருந்தது ஐவஸ் பார்த்துச் செய்தவர்களில் சுமார் 84 சதவீதம், பார்க்காதவர்களில் 70 சதவீதம்.

இது எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, செலவும் கூடும். எல்லோருக்கும் தேவை என்றும் இல்லை. சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் கிரியேட்டினின் பார்த்த பிறகே செய்ய வேண்டும். அழுகல் மேலே ஏறி உயிருக்கே ஆபத்து என்றால், எடுக்கச் சொல்லும் டாக்டரோடு வாதாடிக் காலம் கடத்தக் கூடாது. கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டால் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே கால் போய்விடும்.

ஒளுச் செய்யும்போது விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோம். அப்போதே வெடிப்போ கறுப்போ இருக்கிறதா என்று பார்த்து, ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சைக்குத் தனித் துறை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், ஐவஸ் செலவும் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடங்காத தொகைக்கு டிரஸ்டில் மனுச் செய்வோர் டாப்ளர், கிரியேட்டினின் அறிக்கைகளையும் அட்டை நகலையும் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் கொடுக்கலாம்.