சைக்கிளும் நாமும் - 14: காலுக்கேற்ற கிராங்க்

குரங்குப் பெடல் அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அரைப் பெடலிலிருந்து முழுப் பெடலுக்கு மாறிய நாள் எவ்வளவு பெரிய நாள் என்று. பாருக்குக் கீழே காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, மிதித்த பெடலைப் பாதியிலேயே பின்னுக்கு இழுத்து மறுபடி மிதிப்போம். சைக்கிள் உயரம், கால் எட்டவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது பாதிக் காரணம்தான். பெடல் சுற்றிவரும் வட்டமே ஒரு குழந்தையின் காலுக்குப் பெரியது. அந்த வட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது கிராங்க்.

பெடலை நடு அச்சோடு சேர்க்கும் அந்த இரும்புக் கைக்குத்தான் கிராங்க் என்று பெயர். அச்சின் மையத்திலிருந்து பெடல் மாட்டும் துளையின் மையம் வரை அளந்தால் அதன் நீளம் வரும். கியர் சைக்கிள்களில் பெடலுக்கு அருகே, கிராங்கின் உட்புறத்தில் 170 என்றோ 175 என்றோ பொறித்திருப்பார்கள். அது மில்லிமீட்டர் கணக்கு. ஒருமுறை குனிந்து பாருங்கள். 170 என்றால், ஒரு சுற்றுக்கு உங்கள் பாதம் ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாகப் பயணிக்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்று வீதம் ஒரு மணி நேரம் மிதித்தால் பாதம் மட்டும் 3.8 கிலோமீட்டர் சுற்றியிருக்கும். முழங்கால் 3,600 முறை மடங்கி நீண்டிருக்கும்.

எனக்கு வருத்தம் தருவது இதுதான்: சட்டகத்தைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஆளுக்கேற்ப விற்கிறார்கள். கிராங்கை மட்டும் ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் மாட்டிக் கொடுக்கிறார்கள். 165-க்கும் 175-க்கும் நடுவிலேயே எல்லாக் கால்களும் அடங்கிவிட வேண்டும்.

நீளமான கிராங்க் என்றால் நெம்புகோல் பெரிது, வேகமும் கூடும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. 1994-ல் ஒரு மணி நேர உலக சாதனைக்கு மிகேல் இந்துரைன் 190 மில்லிமீட்டர் கிராங்கோடு இறங்கி, 53.040 கிலோமீட்டர் ஓட்டினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2024-ல், ததேய் பொகாச்சர் டூர் தெ பிரான்ஸை வென்றது 165 மில்லிமீட்டர் கிராங்கில். இந்த மனமாற்றத்துக்கு முன்பே ஜிம் மார்ட்டினும் வனீன் ஸ்பிர்துசோவும் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். 120 முதல் 220 மில்லிமீட்டர் வரை ஐந்து நீளங்களில் பயிற்சி பெற்ற ஓட்டிகளை முழு மூச்சாக மிதிக்கவிட்டார்கள். உச்சத் திறனில் அவர்கள் கண்ட அதிகபட்ச வித்தியாசம் 4 சதவீதம் அளவுதான்.

திறன் அவ்வளவாக மாறாதென்றால், மூட்டுக்கு எது சுகமோ அதையே தேர்ந்தெடுக்கலாம் அல்லவா?

என் பெரியப்பாவுக்கு வயது 68. "பெடல் மேல வரும்போதுதான்டா முட்டி பிடிக்குது" என்றார். அவர் சைக்கிளில் இருந்தது 170. சிறுவர் கியர் சைக்கிளில் வரும் 152 கிராங்கைத் தேடிப் பிடித்து மாட்டினோம். போன வாரம் சொன்ன சீட் உயரம் இங்கே மறுபடி வருகிறது. கிராங்க் 18 மில்லிமீட்டர் குறைந்ததால் கீழே போகும் பெடல் அவ்வளவு மேலேறி நிற்கும். ஆகவே சீட்டையும் 18 மில்லிமீட்டர் உயர்த்தினோம். மேலே வரும் பெடலோ முன்பைவிட 18 தாழ்ந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் முட்டிக்குக் கிடைத்த இடம் 36 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். மேம்பாலம் ஏறும்போது மட்டும் கனமாக இருக்கிறது என்றார். நெம்புகோல் பத்து சதவீதம் குறைந்தால் அப்படித்தான் இருக்கும். பின்சக்கரத்தில் 18 பல்லுக்குப் பதில் 20 பல்லுக்குக் கியரை மாற்றச் சொன்னேன், கணக்கு நேரானது.

உள்கால் நீளத்தை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி கிராங்க் அளவு சொல்லும் சூத்திரங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து மிதிக்கும்போது, பெடல் உச்சிக்கு வரும் நேரத்தைக் கவனியுங்கள். தொடை வயிற்றில் இடிக்கிறதா, முட்டி வெளிப்பக்கம் விலகுகிறதா? அப்படியானால் குட்டைக்கு மாறுங்கள். இரண்டு அளவுகளுக்கு இடையே தயங்கினாலும் குட்டையையே எடுங்கள்.

வாங்கும் முன் அச்சு எந்த வகை என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சதுர முனை அச்சுக்கான கிராங்க், உட்குழலான 24 மில்லிமீட்டர் அச்சில் ஏறாது. சதுர முனையில் அலுமினிய கிராங்க் தளர்ந்து ஆடினால் அன்றைக்கே முடுக்கிவிடுங்கள். ஆடியபடியே ஓட்டினால் இரும்பு அச்சு தப்பித்துவிடும். மென்மையான அலுமினியத் துளைதான் உருண்டுபோகும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது.

பழைய கறுப்புச் சைக்கிளில் கிராங்கைப் பிடித்திருப்பது காட்டர் பின். ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். அதன் நட்டை முடுக்கிப் பயனில்லை. பின்னை அடித்து இறக்கிய பிறகு அது நகராமல் காப்பதற்கே நட்டு. அடிக்கும்போது கிராங்குக்குக் கீழே ஓர் இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ஸ்மீது இறங்கும். இரண்டு பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைய வேண்டும். தவறிப்போனால் இரண்டு கிராங்கும் நேர்க்கோட்டில் நிற்காமல் கோணிக்கொள்ளும்.

(தொடரும்)