மயக்காமலே செய்கிற கை, கால் சத்திரசிகிச்சை

புத்தளத்துக்கு வடக்கே, களப்பை ஒட்டிக் கிடக்கிற கரைத்தீவில் கையும் காலும் இருந்தால்தான் தொழில். தூண்டில் முள் விரலில் ஏறும், மீன் கழற்றும்போது கெளிறு குத்தும், சேற்றில் நடக்கிற காலைத் திருக்கை அடிக்கும், சிப்பி வெட்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை விறைப்பு ஊசி போட்டு, ஆளை மயக்காமலே, குறுகிய நேரத்தில் சரிசெய்துவிடலாம். ஆனாலும் ‘ஒப்பரேஷன்’ என்ற சொல் காதில் விழுந்ததும் நாலு நாள் தள்ளிப்போடுகிறோம். விரல் கெடுவது அந்த நாலு நாளில்தான்.

விறைப்பு ஊசியில் இருப்பது அநேகமாக லிடொகெயின். சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய இந்த மருந்து 1948இல் விற்பனைக்கு வந்தது. போட்ட இடத்து நரம்பில் வலிச் செய்தி கடந்துபோகாமல் தடுப்பதுதான் இதன் வேலை. வலியைக் கொண்டுபோகிற நார்கள் மெல்லியவை, அவை முதலில் அடங்கும். தொடுவதையும் அழுத்துவதையும் உணர்த்துகிற தடித்த நார்கள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. அதனால் வைத்தியர் இழுப்பது தெரியும், ஆனால் வலிக்காது. பலர் இதை “ஊசி பிடிக்கவில்லை” என்று நினைத்துப் பதறுகிறார்கள். வலிக்கிறதா, தொடுவது மட்டும் தெரிகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். உண்மையாகவே வலித்தால் இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம், அதற்கு இடமிருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வீத லிடொகெயின் ஏறத்தாழ 27 மில்லிலீற்றர் வரை போடலாம். ஒரு விரலுக்குத் தேவைப்படுவது மூன்று, நான்கு மில்லிலீற்றர்தான்.

நகச்சுத்தி வந்து விரல் நுனியில் சீழ் கட்டியிருக்கும், வைத்தியரோ விரலின் அடியில் ஊசி போடுவார். சீழ் பிடித்த சதை அமிலத்தன்மை கொண்டது, அங்கே மருந்து சரியாக வேலை செய்யாது. ஒவ்வொரு விரலுக்கும் நான்கு சிறு நரம்புகள் போகின்றன. அவற்றை அடியிலேயே மறித்து ஐந்து, பத்து நிமிடம் பொறுத்தால் முழு விரலும் விறைத்துவிடும்.

விரலில் அட்ரினலின் கலந்த ஊசி போடவே கூடாது, இரத்தக்குழாய் சுருங்கி விரல் கருகிவிடும் என்று பல தலைமுறை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பயம் லிடொகெயினுக்கு முந்தியது. அன்றைய விறைப்பு மருந்தான புரொகெயின் நாள்பட நாள்பட அமிலமாகித் தானே சதையைக் கெடுத்தது. கனடாவின் டொனால்ட் லலோண்டும் அவருடைய கூட்டாளிகளும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கையிலும் விரலிலும் அட்ரினலின் ஊசி போட்ட 3110 சத்திரசிகிச்சைகளில் ஒரு விரல்கூட அழியவில்லை. இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்த விரலுக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

அட்ரினலின் கலப்பதால் நோயாளிக்குப் பெரிய நன்மை. ஊசி போட்டு 25 நிமிடம்போலக் காத்திருந்தால் இரத்தக் கசிவு குறையும், கையை இறுக்கிக் கட்டும் பட்டி தேவைப்படாது. ஆள் விழித்திருப்பதால், அறுந்த தசைநாணைத் தைத்த பிறகு மேசையிலேயே “விரலை மடக்குங்கள்” என்று சொல்லிப் பார்க்கலாம். தையல் இடைவெளி விட்டால் தோலை மூடுமுன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். மயங்கிக் கிடக்கிற நோயாளியிடம் இந்தச் சோதனை முடியாது.

தூண்டில் முள்ளை வந்த வழியே பிடுங்காதீர்கள், அதன் எதிர்முள் சதையைக் கிழிக்கும். விறைத்த பிறகு முள்ளை முன்னுக்குத் தள்ளி, நுனி வெளியே வந்ததும் எதிர்முள்ளை நறுக்கிவிட்டால் மிச்சம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். திருக்கை நஞ்சு வெப்பத்தில் வீரியம் இழக்கும். பொறுக்கக்கூடிய சுடுநீரில், 45 பாகைக்கு மேற்படாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருக்கலாம். சூட்டை அடிபடாத கையால் பாருங்கள். உடைந்த முள் உள்ளே இருந்தால் அதை வைத்தியசாலையில்தான் எடுக்க வேண்டும். காயம் களப்பு நீரில் பட்டது என்பதை மறக்காமல் சொல்லுங்கள், அங்குள்ள கிருமிகளுக்கு மருந்து வேறுபடலாம். ஏற்பு ஊசி போட்டு எவ்வளவு காலம் என்பதையும் சொல்லுங்கள்.

சீனி வருத்தக்காரருக்குக் கால் தனிக் கதை. உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிப்பி வெட்டியதே தெரியாது. அவர்கள் காலாணியைப் பிளேட்டால் சீவுவது, உள்வளர்ந்த கால் நகத்தை வீட்டில் நோண்டுவது இரண்டையும் கட்டாயம் விட வேண்டும். நக ஓரத்தை மட்டும் வெட்டி, அது மறுபடி வளராதபடி வேரில் ஃபீனோல் தடவுவது விறைப்பு ஊசியில் முடிகிற வேலை. ஆனால் முதலில் காலின் நாடியைப் பார்க்க வேண்டும். இரத்தம் கட்டாமலிருக்க மருந்து குடிப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல், வைத்தியரிடம் சொன்னால் போதும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருந்தால் வீக்கம் குறையும். கையில் போட்ட தையலை 10 முதல் 14 நாளில் வெட்டுவார்கள், உள்ளங்காலில் இன்னும் பிந்தலாம். அதுவரை களப்பில் இறங்கக் கூடாது. நாட்கூலிக்காரருக்கு இது பெரிய இழப்புத்தான், இருந்தாலும் காயத்தில் மறுபடி சீழ் வைத்தால் இழப்பு மாதக்கணக்கில் நீளும்.

விறைப்பு ஊசியோடு முடியாதவையும் உண்டு. விரல் முழுதும் ஒரே சீராக வீங்கி, பாதி மடிந்தபடி நின்று, உள்ளங்கைப் பக்கம் நெடுக அழுத்தினால் நொந்து, நிமிர்த்தினால் உயிர்போவதுபோல் வலித்தால் தசைநாண் உறைக்குள் சீழ் இருக்கலாம். அப்படியானால் விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே புத்தளம் வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.