உடம்பு சூடானால் கண் ஏன் மங்குகிறது?

வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இல் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ள சிலருக்கு, உடலை வருத்தி ஏதாவது செய்தால் பார்வை மங்கியது. ஓய்வெடுத்தால் தெளிந்துவிட்டது! களைப்புதான் காரணம் என்று அவர் எண்ணினார். அசையாமல் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தாலும் பார்வை மங்குவது பிற்பாடு தெரியவந்தது. அப்போதுதான் சூட்டின் மேல் சந்தேகம் விழுந்தது.

நரம்புக்குள் என்ன நடக்கிறது, பார்ப்போமா? நம் நரம்பு இழைகள் பலவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கிறது. ஆங்காங்கே சின்ன இடைவெளிகள். அந்த இடங்களில் நுண்ணிய வாயில்கள் திறக்கும். சோடியம் அயனிகள் உள்ளே பாயும். சைகை அடுத்த இடைவெளிக்குத் தாவும். சில நரம்புகளில் நொடிக்கு 100 மீட்டர் வேகம்! இந்த நோயில், நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள மயலினைத் தாக்குகிறது. உறை போன இடத்தில் மின்னோட்டம் கசிகிறது. சைகை தட்டுத்தடுமாறித்தான் கடக்கிறது.

சூடு ஏறினால் அந்த வாயில்கள் சீக்கிரமே மூடிக்கொள்ளும். உள்ளே வரும் சோடியம் குறையும். நல்ல நரம்பில் சைகைக்கு வலு தாராளமாக இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. உறை இழந்த நரம்பிலோ சைகை பாதியில் நின்றுவிடும். சிலருக்கு அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே கண் மங்கும், கால் தளரும். உடம்பு குளிர்ந்ததும் சைகை மறுபடி ஓடும். சூட்டினால் நரம்பில் புதுக் காயம் உண்டாவதில்லை; இதுதான் நல்ல செய்தி.

வேலை செய்யும் தசை சூட்டைக் கக்கும். அதனால் இந்த நோயாளிகளை உடற்பயிற்சியே வேண்டாம் என்று மருத்துவர்கள் வெகுகாலம் தடுத்து வைத்திருந்தார்கள். 1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளிகள் சிலருக்கு 15 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். உடல் வலுவும் தெம்பும் கூடின. எவ்வளவு பெரிய திருப்பம்!

சூட்டைத் தணித்துக்கொண்டால் பயிற்சியைத் தொடரலாம். அதிகாலையில் நடப்பது, மின்விசிறிக்கு முன்னால் சைக்கிள் மிதிப்பது, இடையிடையே குளிர்ந்த நீர் அருந்துவது, ஐஸ் பொதிகள் வைத்துத் தைத்த மேல்சட்டை அணிவது என வழிகள் பல. என்னைக் கேட்டால் நீச்சல்தான் முதலிடம். காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டைப் பலமடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். குளத்து நீர் 27 முதல் 29 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. குளிர்ந்து ஓய்வெடுத்த பிறகும் பார்வை தெளியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த அத்தைக்கோ மாமாவுக்கோ இந்த நோய் இருக்கலாம். வெயிலில் நடக்கும்போது அவர்கள் “கொஞ்சம் உட்காரணும்” என்றால், காரணம் கேட்டு நிற்காதீர்கள். நிழலில் உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள்.