பாலத்தடிப் பூதங்கள்!



கைத்தறியிலே சேலை நெய்து, அதைத் தோளிலே சுமந்து சந்தைக்குப் போகிறான் ஒருவன். வழியிலே இன்னொருவன் மறிக்கிறான். “உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கு ஒரு வண்ணம் என்று நெய்வது என்னுடைய யோசனை. பணத்தை வைத்துவிட்டுப் போ!” என்கிறான்.

“நீ தறியைத் தொட்டதுண்டா?”

“இல்லை.”

“ஒரு முழமாவது நெய்ததுண்டா?”

“இல்லை.”

“பின் எப்படி உன் யோசனை ஆயிற்று?”

“யோசித்தவனிடமிருந்த பத்திரம் கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. கொடுக்க மாட்டாயா? வா, வழக்குமன்றத்துக்கு!”

இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது. சேலைக்கு அல்ல, மென்பொருளுக்கு. அமெரிக்க நாட்டிலே, 2011ஆம் ஆண்டு மே மாதத்திலே!

ஐபோனுக்குச் செயலி எழுதி விற்பவர்கள் எல்லோரும் பெருமுதலாளிகள் அல்லர். ஒருவர், இருவர், மிஞ்சிப்போனால் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு தொழில் பலருக்கு. வீட்டு அறைதான் தொழிற்கூடம். அப்படிப்பட்டவர்களுக்கு லாட்சிஸ் என்ற நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. செயலிக்கு உள்ளேயே ஒரு பொத்தானை அழுத்தி முழுப் பதிப்பையும் விலைக்கு வாங்குகிறோம் அல்லவா? அந்த ஏற்பாடு எங்கள் காப்புரிமைக்கு உட்பட்டது. உரிமம் வாங்கு, 21 நாள் தவணை என்றது கடிதம். கடல் கடந்து ஸ்காட்லாந்திலே இருந்தவரையும் அது விட்டுவைக்கவில்லை.

அந்தப் பொத்தானை ஏற்பாடு செய்து கொடுத்தது யார்? ஆப்பிள் நிறுவனம். லாட்சிஸ் காட்டிய காப்புரிமைக்கு ஆப்பிளிடம் ஏற்கெனவே உரிமம் இருந்தது. “எங்கள் உரிமம் எங்கள் கடையில் விற்பவர்களையும் காக்கும்” என்று மே 23 அன்று ஆப்பிள் எழுத்து மூலம் அறிவித்தது. லாட்சிஸ் அசைந்ததா? இல்லை! மே 31 அன்று ஏழு பேர்மீது வழக்குப் போட்டது. பேர்போன நிறுவனத்தை விட்டு, பேர் தெரியாதவன் சட்டையைப் பிடித்தது!

சரி, கேட்ட தொகை எவ்வளவு? அமெரிக்காவில் நடக்கும் விற்பனையில் நூற்றுக்கு 0.575 பங்கு. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு விற்றால் 5,750 டாலர். “இவ்வளவுதானே? கொடுத்துத் தொலைக்கலாமே!” என்று தோன்றுகிறதல்லவா?

அப்படித் தோன்றவேண்டும் என்பதற்காகவே வைத்த விலை அது!

அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கைக் கடைசிவரை நடத்தினால் வக்கீல் செலவே பல லட்சம் டாலர் ஆகும். வென்றாலும் அந்தச் செலவு பெரும்பாலும் திரும்பி வராது. குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்கப் பல லட்சம். குற்றவாளிபோல் தலைகுனிந்து கட்டச் சில ஆயிரம். கூலிக்கும் வாடகைக்கும் கணக்குப் பார்க்கிற சிறு தொழில்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்? கொடுக்கிறான். தப்புச் செய்ததால் கொடுக்கவில்லை. நீதிக்கு அவ்வளவு விலை கொடுக்க முடியாததால் கொடுக்கிறான். காப்புரிமை செல்லுமா, செல்லாதா என்ற பேச்சுக்கே அங்கு வேலையில்லை. தோழர்களே, இதுதான் இந்த வாணிபத்தின் உயிர்நாடி!

பாலத்துக்கு அடியிலே பதுங்கியிருந்து, கடந்து போகிறவர்களை மிரட்டும் ஒரு பூதம் வடஐரோப்பியக் கதைகளிலே வரும். ‘டிரால்’ என்பது அதன் பெயர். இந்த நிறுவனங்களுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயரும் அதுவே. பாலம் கட்டியது பூதமல்ல. வசூல் மட்டும் பூதத்துக்கு!

பூதங்கள் குடியிருந்த ஊர் டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கே உள்ள மார்ஷல். சிறு ஊர். அங்கே அலுவலகம் என்று பெயர்ப்பலகை தொங்கும்; உள்ளே ஆள் இருக்க மாட்டார். வழக்குத் தொடுப்பவருக்கு வசதியான மன்றம் என்று பெயர் பெற்றது அந்த வட்டாரம். 2015ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் தொடுக்கப்பட்ட காப்புரிமை வழக்குகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கிழக்கு டெக்சாஸ் என்ற ஒரே நீதிமன்ற வட்டாரத்திலே குவிந்தன!

அப்படியானால் காப்புரிமையே கூடாதா? அல்ல. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவன், அதன் மர்மத்தை ஊரறிய எழுதிவைக்கிறான். அதற்குக் கைம்மாறாக 20 ஆண்டுக்காலம் தனியுரிமை பெறுகிறான். நேர்மையான பேரம்தான். ஆனால் மருந்துக்கும் இயந்திரத்துக்கும் உள்ள எல்லைக்கோடு மென்பொருளுக்குத் தெளிவாக இல்லை. லாட்சிஸ் காட்டிய காப்புரிமையின் மூலவிண்ணப்பம் 1992ஆம் ஆண்டினது. ஆப்பிளின் செயலிக் கடை திறந்ததோ 2008இல்! பொருளைப் பயன்படுத்துவோரிடம் கருத்துக் கேட்கும் முறையைப் பற்றிய பழைய பத்திரம், பதினாறு ஆண்டு கழித்துப் பிறந்த கடைக்கும் சொந்தம் கொண்டாடியது.

முடிவு என்ன? தன்னையும் வழக்கில் சேர்க்கும்படி ஆப்பிள் கேட்டது. 2012இல் மன்றம் இசைந்தது. ஆனால் சிறியவர்கள் ஒவ்வொருவராக லாட்சிசுடன் சமரசம் செய்துகொண்டார்கள். வழக்கில் எதிரியே மிஞ்சவில்லை. ஆகவே ஆப்பிளின் கேள்விக்கும் இனி வேலையில்லை என்று 2013இல் மன்றம் கதவை அடைத்தது. உரிமம் சிறியவர்களைக் காக்குமா, காக்காதா? கடைசிவரை தீர்ப்பே இல்லை!

எதிர்த்து நின்றவர்கள் கதை வேறு. காஸ்பர்ஸ்கி என்ற மென்பொருள் நிறுவனம் பணம் கொடுக்க மறுத்து நின்றது. விசாரணை நெருங்கியதும் 2013இல் லாட்சிஸ் தானே வழக்கைக் கைவிட்டது. பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர் முழுவதற்கும் உரிமை கேட்டது பர்சனல் ஆடியோ என்ற இன்னொரு நிறுவனம். எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் பவுண்டேஷன் என்ற அமைப்பு அதை எதிர்க்க நிதி திரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். கேட்டதைப்போல் இரு மடங்குக்கு மேல் சேர்ந்தது. 2015இல் அந்தக் காப்புரிமைக் கோரிக்கைகள் செல்லாதவை என்று முடிவாயிற்று. 2017இல் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது.

சட்டமும் ஓரளவு திருந்தியது. வெறும் கருத்தைக் கணினியில் ஏற்றிவிட்டதால் மட்டும் அது காப்புரிமைக்கு உரியதாகிவிடாது என்று 2014இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டு நிறுவனங்களை நினைத்த ஊருக்கெல்லாம் வழக்குக்கு இழுக்கக்கூடாது என்று 2017இல் சொன்னது. ஆனால் தோற்றவன் செலவைக் கொடுக்க வழிசெய்யும் மசோதா, 2013 டிசம்பரில் கீழ்ச்சபையில் 325க்கு 91 என்று வென்றும், மேல்சபையில் 2014இல் முடங்கிப்போனது. பூதத்தின் பல் சில உதிர்ந்தன, பூதம் சாகவில்லை.

“எங்கோ நடக்கிறது, நமக்கென்ன?” என்று எண்ணாதீர்கள். கணினி நிரல் அதனளவில் காப்புரிமைக்கு உரியதல்ல என்கிறது நம் நாட்டுச் சட்டம். 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அந்தக் கதவைச் சற்றே திறந்து பார்த்தார்கள். 2005இல் நாடாளுமன்றம் அந்தச் சொற்களை ஏற்காமல் விட்டது. நல்லது. ஆனால் கோவையிலோ மதுரையிலோ இருந்து செயலி எழுதி அமெரிக்காவில் விற்கிற இளைஞனுக்கு அந்தக் கவசம் அங்கே உதவாது. 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பாதுகாப்பும் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கிடையாது. அதை அந்நாட்டின் எந்த வட்டாரத்துக்கும் இழுக்கலாம்!

தனித்தனியாகக் கடிதம் வாங்கியவர்கள், தனித்தனியாகப் பயந்தார்கள்; தனித்தனியாகப் பணம் கட்டினார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து காசு போட்ட இடத்தில் பத்திரமே செல்லாமற் போயிற்று. ஆலை வாசலிலே தொழிலாளி கற்ற பாடம்தான் இது. அறைக்குள்ளே கணினி முன் அமர்ந்திருக்கும் தொழிலாளியும் கற்கவேண்டிய பாடம். அந்தக் கடிதம் வந்தால் மறைத்து வைக்காதே, தம்பி! பக்கத்து அறையில் இருப்பவனுக்கும் அதேதான் வந்திருக்கும்.